சுங்கை சிப்புட் ஞாயிறு இதய வகுப்பு: எட்டு வார அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் அறையில், ஓய்வு பெற்ற பொது மருத்துவ நிபுணர் ஒருவர் மருத்துவ மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறார். நான்காம் ஆண்டுத் தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நான், அந்த வகுப்புக்கு எட்டு வாரம் தொடர்ந்து சென்றேன். ஒரு நாளைக்கு 40 வெள்ளி கட்டணம். காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை வகுப்பு. ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இதயமும் அதை ஒட்டிய நோய்களும்தான் பாடம். நடத்துபவர் தம் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், டாக்டர் ஐயா என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்.

இந்த வகுப்பின் தனித்தன்மை முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது. முதல் வாரம் எங்கள் முன் உட்கார்ந்தவர், கித்தாத் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டி. எங்களில் ஒருவர், புத்தகத்தில் படித்தபடியே, "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுப்பீங்க பாட்டி?" என்று கேட்டார். "ஒன்னுதான் தம்பி" என்று பதில் வந்தது. படுத்தால் மூச்சுத் திணறல் இல்லை என்று கேட்ட மாணவரும் குறித்துக்கொண்டார். மூலையில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவர், ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர், "எங்க படுக்கிறீங்க அக்கா?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாதமாக முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில்தான் பாட்டி தூங்குகிறார், அந்த ஒற்றைத் தலையணை கழுத்துக்கு முட்டுக் கொடுப்பதற்காம்.

படுக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் திரும்புகிறது என்பதும், இதயத்தின் இடப்பக்கம் அதை ஏற்க முடியாதபோது நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டுகிறது என்பதும் எங்கள் ஆறு பேருக்குமே மனப்பாடம். ஆனாலும் தலையணையை எண்ணினோமே தவிர, அவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. எவ்வளவு உழைத்தால் மூச்சு வாங்குகிறது என்பதை வைத்து இதய நோயாளியைத் தரம் பிரிக்கும் நியூயார்க் இதயச் சங்கத்தின் நான்கு படிநிலைகளையும் டாக்டர் ஐயா இதே முறையில்தான் சொல்லிக் கொடுக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று லயத்து வீட்டில் இருப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே மாடியே கிடையாது. முன்பு ஒரே மூச்சில் வெட்டி முடித்த நிரையில் இப்போது எத்தனை மரத்துக்கு ஒரு தடவை நிற்கிறீர்கள், கோயிலைச் சுற்றி வர முடிகிறதா, குளித்து முடித்ததும் உட்கார வேண்டியிருக்கிறதா என்று கேட்டால், இரண்டாம் நிலையா மூன்றாம் நிலையா என்பது தானே தெரிந்துவிடும்.

அந்தப் பாட்டிக்கு இருந்தது ஈரிதழ் வால்வுச் சுருக்கம், அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வு குறுகிப்போன நோய். சிறு வயதில் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்த ருமாட்டிக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து விட்டுச்சென்ற வடு அது. இந்தச் சுருக்கத்தின் ஒலியை நான் மருத்துவமனை வார்டில் இரண்டு முறை கேட்டதாகப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்தும் வாங்கியிருந்தேன். உண்மையில் ஒரு முறையும் கேட்டதில்லை. டாக்டர் ஐயா பாட்டியை இடப்பக்கமாக ஒருக்களிக்கச் செய்து, இதய நுனி துடிக்கும் இடத்தை விரலால் தேடச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பில் உயர்ந்த ஒலிக்கான தட்டை டயஃப்ரத்தை விட்டு, தாழ்ந்த ஒலிக்கான குழிந்த மணிப்பக்கத்தை அங்கே வைக்கச் சொன்னார். நான் அழுத்தி வைத்தேன். "அழுத்தினா தோல் இறுகி அதுவே டயஃப்ரம் ஆயிடும்மா. அப்புறம் தாழ்ந்த ஒலி எங்கே கேட்கும்? எடையே இல்லாம வை" என்றார். கையைத் தளர்த்தினேன். முதலில் ஓங்கிய ஒரு தட்டு. ஒவ்வொரு துடிப்பிலும் வரும் இரண்டாம் இதய ஒலியை அடுத்துச் சின்னதாக ஒரு சொடுக்கு. அதன் பின்னால், தகரக் கூரைக்கு அப்பால் எங்கோ இடி உருளுவது போன்ற ஓசை. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னபோது இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் ஒலிக்கும் அந்தச் சொடுக்குக்கும் இடையே உள்ள நேரம் குறையக் குறையச் சுருக்கம் கடுமையானது என்று அவர் சொன்னது இனி எனக்கு மறக்காது.

பாட்டியின் நாடி எந்த ஒழுங்கும் இன்றித் துடித்தது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன. இத்தகைய வால்வு நோயோடு மேலறை நடுக்கமும் சேர்ந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கப் புதிய மாத்திரைகளைவிட வார்ஃபரினே ஏற்றது என்பதற்கு, 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வைச் சுருக்கமாக எடுத்துச் சொன்னார். அதில் புதிய மாத்திரையான ரிவராக்ஸபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களுக்கே பக்கவாதமும் மரணமும் சேர்ந்த கணக்கில் பாதிப்பு குறைவாக இருந்தது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் பாட்டியின் ஐஎன்ஆர் அளவு ஒரு மாதம் ஏறியும் மறு மாதம் இறங்கியும் வந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தவரும் டிரஸர்தான். வீட்டின் பின்னால் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. தழைக்கும் மாதத்தில் தினமும் கீரை, மற்ற மாதத்தில் அறவே இல்லை. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பதால் கீரையையே விடச் சொல்லாமல், வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடச் சொன்னார்கள். வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மூன்றாம் வாரம் வந்தவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அவருடைய முறையீடு "காத்து". தைலம் தேய்த்திருக்கிறார், ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே நோயாளியிடம் பேசிப் பழகிய நம்மில் பலர், இதை வயிற்றுக் கோளாறு என்று எழுதி அடுத்தவரை அழைத்துவிடுவோம். "அது எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்கு, என்ன பண்ணா போகுது?" என்ற மூன்று கேள்விகளையும் டாக்டர் ஐயா எங்களைக் கேட்க வைத்தார். குலையைத் தூக்கும்போது வருகிறது, லாரிப் படியில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. எங்கே என்று கேட்டதற்கு அவர் விரலால் சுட்டவில்லை. மூடிய கை முட்டியை நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டினார். அமெரிக்க இதய மருத்துவர் சாமுவேல் லெவைனின் பெயரால் அறியப்படும் அந்தச் சைகையை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் வலி, உழைத்தால் வருவது, ஓய்வெடுத்தால் தணிவது என, இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் ஆஞ்சைனா வலியின் மூன்று அடையாளங்களுமே பொருந்தின. டாக்டர் ஐயா அங்கேயே ஒரு கடிதம் எழுதி, மறுநாள் அரசு மருத்துவமனைக்குச் செல்லச் சொன்னார்.

அன்றைக்கு அவர் சர்க்கரை நோயைப் பற்றி நெடுநேரம் பேசினார். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. நீண்ட கால நீரிழிவில் நரம்புகள் பழுதாவதால் மாரடைப்பு வலியே இல்லாமலும் வரலாம். வியர்வை, குமட்டல், காரணம் தெரியாத களைப்பு என்று மட்டும் நோயாளி சொல்லக்கூடும். அப்படி வரும் தோட்டத்துப் பெண்மணியை "சோர்வு" என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

இ.சி.ஜி. வகுப்புகள் அந்த அளவுக்கு நன்றாக இல்லை. நகலின் நகலாக எடுத்த தாள்களில் கட்டங்கள் அழிந்துபோயிருந்தன. சிறு கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி என்று சொல்லித்தந்துவிட்டு, கட்டமே தெரியாத தாளை எண்ணச் சொன்னால் மாணவர் என்ன செய்வார்? ஒரு தாள் மட்டும் நினைவில் நிற்கிறது. துடிப்பு நிமிடத்துக்கு 40 என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னோம். தாளின் ஓரத்தில் விநாடிக்கு 50 மில்லிமீட்டர் என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. வழக்கமான 25 மில்லிமீட்டர் வேகம் என்று நினைத்து எண்ணியதால்தான் 40 வந்தது, உண்மையில் அது 80. கீழ்ச்சுவர் மாரடைப்பில் மார்பின் வலப்பக்கத்தில் எடுக்கும் இ.சி.ஜி. பதிவான வி4ஆரைப் பார்க்காமல், இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரேட்டை நாக்கடியில் வைப்பதன் ஆபத்தையும் அன்றே விளக்கினார். வலக் கீழறை பாதிக்கப்பட்டிருந்தால், அதற்கு வந்து சேரும் இரத்தத்தை நம்பியே அழுத்தம் நிற்கிறது. நைட்ரேட் அதைக் குறைத்துவிடும். அவ்வளவையும் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தது அவசரம்.

இதயச் செயலிழப்புக்கான மருந்துகளைப் பற்றிய வாரம் எனக்கு ஏமாற்றமே. பழைய மருந்தான டிஜாக்ஸினுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியவர், இன்று இந்த நோய்க்கான சிகிச்சையின் நான்கு தூண்களில் ஒன்றாக வைக்கப்படும் எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பு மருந்துகளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தொட்டுச் சென்றார். தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்தப் பகுதியை நடப்பு வழிகாட்டி நெறிகளிலிருந்து தாங்களே படித்துக்கொள்ள வேண்டும். பிறவி இதய நோய்கள் பாடத்திட்டத்தில் அறவே இல்லை.

குறைகளில் பெரியது மறைப்புத் திரை. ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் சம்மதம் கேட்கிறார்கள், வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதில்லை, பெண் நோயாளியோடு ஒரு பெண் எப்போதும் உடன் இருக்கிறார். ஆனாலும் மடக்குத் திரையின் துணியில் இடைவெளி இருக்கிறது. நான் இதைச் சொன்னபோது டாக்டர் ஐயா கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டார்; அடுத்த வாரம் ஊக்குகள் குத்தப்பட்டிருந்தன, திரை மாறவில்லை. கீழ்க்கடைக் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலும் ஒரு தொல்லை. இதய ஒலி கேட்கும் நேரத்தில் டிரஸர் கீழே இறங்கிப் போய்க் கடைக்காரரிடம் சொல்லி அதைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறார்.

இதற்கு முன் நான் ஓர் இணைய வகுப்புக்கு இதைவிட மூன்று மடங்கு பணம் கட்டியிருந்தேன். படங்கள் அழகு, கேள்வி வங்கி நிறைவு. ஆனால் ஈரிதழ்ச் சுருக்கத்தின் தாழ்ந்த ஒலியைக் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி ஒழுங்காகத் தர முடியாது என்பதை அவர்கள் எங்கும் சொல்லவில்லை. பல இரவுகள் அதைக் காதருகே வைத்துக் கேட்டு, குறை என் காதில்தான் என்று நினைத்திருந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

மூன்றாம் ஆண்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த வகுப்பு சீக்கிரம். இதயச் சுழற்சியின் வரைபடம் கையில் பழகியிருந்தால்தான் அவர் சொல்வது பிடிபடும். தமிழ் பேசத் தயங்குபவர்கள் தயங்கிக்கொண்டே வரலாம், டிரஸர் சொல்லித் தருவார். சேர விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கீழே மளிகைக் கடையில் பெயர் எழுதிவிட வேண்டும். மணிப்பக்கம் தனியாக உள்ள ஸ்டெதஸ்கோப் இருந்தால் அதையே கொண்டு வாருங்கள். ஒரே பக்கம் உள்ள புது வகை என்றால், தாழ்ந்த ஒலிக்கு மெதுவாகவும் உயர்ந்த ஒலிக்கு அழுத்தியும் வைக்க வேண்டும் என்பதை உங்கள் நெஞ்சிலேயே பழகிவிட்டு வாருங்கள். பாட்டி மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான் வருவார், அதுவும் மழை இல்லாவிட்டால்.