இரவு ஒன்பதரைக்கு மேல் புதுச்சேரி டவுன்: நடந்தே வீடு போகலாமா?

புதுச்சேரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதும் மதிப்புரைகள் பெரும்பாலும் பீச் ரோட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். காற்று நன்றாக இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, போலீஸ் நிற்கிறது, ஐந்து நட்சத்திரம். நேரு வீதித் துணிக்கடையில் கடைசி பில்லைப் போட்டுவிட்டு ஒன்பதரைக்கு வெளியே வரும் பெண்ணுக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் போகவேண்டியது எதிர்த்திசையில், பஸ் ஸ்டாண்டுக்கு. இந்த மதிப்புரை அவருக்காகவும், பெரிய மார்க்கெட்டில் கடை சாத்தும் அம்மாவுக்காகவும், டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பும் பிள்ளைகளுக்காகவும் எழுதப்படுகிறது.

டவுன் என்று இங்கே சொல்வது பூல்வார் எனப்படும் சுற்றுச்சாலைக்கு உட்பட்ட பகுதியை. கிழக்கே கடற்கரைச் சாலை, வடக்கே எஸ்.வி. பட்டேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. இதோடு பஸ் ஸ்டாண்ட் வரை போகும் மறைமலை அடிகள் சாலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டவுனில் வேலை பார்க்கிறவர்களில் ஏராளமானோர் அந்தச் சாலை வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

பீச் ரோட்டுக்குக் கிடைக்கும் நல்ல பெயர் நியாயமானதுதான். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வாகனம் கிடையாது. போலீஸ் இருப்பதால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், உட்கார இடம் இருப்பது. டூப்ளே சிலைப் பக்கம் தொடங்கி காந்தி சிலை தாண்டி வடக்குக் கோடிவரை கட்டைச்சுவரில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுண்டல் விற்பவர், பேரக்குழந்தையோடு வந்த பாட்டி, கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்த மாணவன் என்று இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒருவன் பின்தொடர்ந்து வந்தாலும் அவனுக்கே கூச்சம் வரும். பார்வையை மறைக்கும் வண்டி வரிசையும் இல்லை. தனியாக வரும் பெண்கள் பத்து மணி வரை தயங்காமல் நடக்கக்கூடிய இடம் இது.

பீச் ரோட்டின் ஆபத்து கடல் பக்கம் இருக்கிறது. கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல்பகுதி காய்ந்திருக்கும், அலை தொடும் கீழ்ப்பகுதியில் பாசி படிந்திருக்கும். செல்ஃபிக்காக ஒரு கல் கீழே இறங்கினாலும் வழுக்கும். விழுந்தால் கால் இரண்டு கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அடுத்த அலை மேலே வரும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே செயற்கைப் பாறைத்திட்டு அமைத்து உருவாக்கிய மணல்பரப்பு குளிக்க ஏற்றதுபோலத் தெரியும். அங்கேயும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக்கூடாது. காலுக்கடியில் மணல் சட்டென்று இறங்கும், இழுப்பும் உண்டு.

பீச்சிலிருந்து இரண்டு தெரு உள்ளே போனால் கதை மாறுகிறது. டவுனை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் உள்ள துய்மா வீதி, ரோமேன் ரோலன் வீதி வகையறா. பகலில் போட்டோ எடுக்கக் கூட்டம் அலைமோதும். இரவு பத்துக்கு மேல் அதே தெருவில் ஒரு ஆள் இருக்கமாட்டார். காரணம் கட்டட அமைப்பு. இந்த வீடுகளுக்கு ஆள் உயரத்துக்கு மேல் மதில், அதில் ஒரே ஒரு கேட், வீட்டின் முகம் உள்முற்றத்தைப் பார்த்து இருக்கும். பாதிக் கட்டடங்கள் அரசு அலுவலகங்கள், விடுதிகள். தெருவில் யாராவது கூப்பிட்டால் காது கொடுக்க உள்ளே குடும்பமே இருக்காது. போலீஸ் தலைமையகமே துய்மா வீதியில்தான் இருக்கிறது. ஆனாலும் அதற்கு அடுத்த முக்கில் நிற்கும்போது அந்தத் தைரியம் வருவதில்லை.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் வீடுகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன. தெருவை ஒட்டித் திண்ணை, அதன்மேல் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம். வைசியாள் வீதியில் பழைய முகப்புகளைச் சீரமைத்தபோது இந்த அமைப்பை மீட்டார்கள், 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. பாரம்பரியம், அழகு என்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். திண்ணையில் ஒரு பெரியவர் விசிறியோடு உட்கார்ந்திருந்தால் அந்தத் தெருவில் கண்காணிப்புக் கேமராவுக்கு வேலையே இல்லை. கேமரா நடந்ததைக் காட்டும், அவர் நடக்கும்போதே "யாருப்பா அது?" என்று கேட்பார். வருத்தம் என்னவென்றால், திண்ணைக்குக் கம்பி அழி போட்டு அதற்குள் பைக்கை நிறுத்தும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன.

நேரு வீதிக்கு வருவோம். எட்டு மணிக்கு இங்கே இருக்கும் வெளிச்சத்தில் பாதிக்குமேல் கடை போர்டுகளின் வெளிச்சம். ஒன்பதுக்கு மேல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்க, போர்டுகளும் அணையும். அப்போதுதான் தெருவிளக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது என்று தெரியும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்று, எதிரே வருகிறவரின் முகம் பத்தடி தூரத்தில் அடையாளம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: பல்பு போயிருக்கும், மரக்கிளை விளக்குக்குக் கீழே தழைத்திருக்கும், அல்லது பளீர் எல்இடி கண்ணைக் கூசவைத்து அதற்கு அப்பால் இருக்கும் நிழலை இன்னும் கருப்பாக்கியிருக்கும். கிளைதான் சிக்கல் என்றால் புது விளக்கு கேட்டுப் பயனில்லை, கிளையைக் கழிக்கத்தான் எழுத வேண்டும். பலரும் இதைப் பிரிக்காமல் "விளக்கு எரியவில்லை" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஆள் வந்து பார்ப்பார், விளக்கு எரியும், புகார் முடிக்கப்பட்டுவிடும்.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் வேண்டும், விளிம்புக்கல் 15 செ.மீ.க்கு மேல் உயரக்கூடாது என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிமுறை சொல்கிறது. டவுனில் அந்த 1.8 மீட்டரை வெறுமையாகப் பார்ப்பது அபூர்வம். பைக் வரிசை, கடையின் பொம்மை, ஜெனரேட்டர், தள்ளுவண்டி. ஆகவே நடப்பவர் சாலையில் இறங்குகிறார். பாதுகாப்பு என்ற பேச்சில் திருடனையும் குடிகாரனையும்தான் நினைக்கிறோம். வயதானவர்களைக் கேட்டால், பின்னாலிருந்து உரசிக்கொண்டு வரும் ஸ்கூட்டியைத்தான் முதலில் சொல்வார்கள்.

குறுக்குத் தெருக்களும் அப்படியே. கட்டம் போட்டதுபோன்ற தெருக்கள் வழி கேட்காமல் போக வசதி, ஆனால் நூறு மீட்டருக்குள் ஒரு சந்திப்பு வந்துவிடும். பலவற்றில் சிக்னல் இல்லை, யாருக்கு முதல் உரிமை என்ற குறியும் இல்லை. மதில் தெருமுனைவரை வந்து நிற்பதால் குறுக்கே வரும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். தெரு நேராக இருப்பதால் வேகமும் கூடும். வார இறுதியில் வாடகை ஸ்கூட்டரில் வருகிறவர்கள் போனில் வழி பார்த்துக்கொண்டே முனையைத் தாண்டுவார்கள். சந்திப்பிலிருந்து ஐந்து மீட்டருக்கு வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாலே மோதல் குறையும். தடுப்புக்கட்டையும் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் போதும், பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

டவுனில் மிகக் குறைந்த மதிப்பெண் தரவேண்டிய இடம் தாவரவியல் பூங்கா மதிலை ஒட்டிய நடை. 1826இல் தொடங்கிய அருமையான பூங்கா அது. இரவில் நடப்பவருக்கோ அது கதவே இல்லாத ஒரு நீளச் சுவர். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வேகமாகப் போகும் வண்டிகள், மேலே மரநிழல். நடுவில் யாராவது வழிமறித்தால் ஒதுங்க ஒரு கடை கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் மதில் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகவே போவது நல்லது. நேரு வீதியில் வேலை முடிகிறவர்கள் நேராக அண்ணா சாலைக்கு வந்து அங்கேயே டெம்போ (ஷேர் ஆட்டோ போல ஆள் ஏற்றும் வண்டி) பிடித்துவிடலாம். இரவு ஏற ஏற டெம்போ குறையும், ஆகவே ஒன்பதரைக்குள் அண்ணா சாலையில் நிற்பதுபோல் கிளம்ப வேண்டும். ஆட்டோ என்றால் மீட்டரை எதிர்பார்க்க வேண்டாம். வாடகையை ஏறுமுன் பேசி, வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்காருங்கள். கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரே திசையில் போகும் மூன்று பெண்களை ஒரே நேரத்தில் விட்டால் மூவரும் சேர்ந்து நடப்பார்கள். ஒருவரை ஸ்டாக் எண்ணப் பத்து மணிவரை நிறுத்தினால் அவர் தனியே அந்த மதிலைக் கடக்கவேண்டி வரும்.

மதுக்கடை விஷயத்தைத் தொடாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. ஒயின் ஷாப்பும் பாரும் இங்கே புதிதில்லை. பக்கத்துத் தெரு பாரில் குடித்துவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போகும் ஆட்களைப் பார்த்துத்தான் இந்த ஊர் வளர்ந்தது. இப்போது கவலை தருவது குடியிருப்புகளுக்கு நடுவே நள்ளிரவு வரை பாட்டோடு நடக்கும் ரெஸ்டோ பார்கள், அதாவது உணவகமும் பாரும் சேர்ந்த இடங்கள். 2025 ஆகஸ்ட்டில் அப்படி ஓர் இடத்தில் ஏற்பட்ட தகராறில் வெளியூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். வெள்ளி, சனி இரவுகளில் பதினொன்றுக்கு மேல் இந்தக் கடைகளின் வாசலில் ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வெளியே வந்து நிற்பார்கள். அந்த அரை மணி நேரம் குடும்பத்தோடு அந்தத் தெருவில் போவதைத் தவிர்ப்பது நல்லது. திங்கள் முதல் வியாழன் வரை இதே தெருக்களில் இந்தத் தொல்லை அவ்வளவு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஆபத்து பாக்கெட்டுக்குத்தான். தோளோடு தோள் இடிக்கும் நெரிசலில் சட்டைப்பையில் போன் வைக்காதீர்கள். குழந்தையின் கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். போன் போனால் செய்யவேண்டிய வரிசை இது: சிம்மை உடனே முடக்குங்கள், யுபிஐயை நிறுத்த வங்கிக்குச் சொல்லுங்கள், பெரியகடை காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், அதே எண்ணில் புது சிம் எடுங்கள், பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் தனி அடையாள எண்) கொடுத்துப் போனை முடக்குங்கள். புகார் நகலும் புது சிம்மும் இல்லாமல் கடைசிப் படி நடக்காது. *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே குறித்து வைத்தால்தான் உண்டு.

மழைக்காலத்துக்கு ஒரு வரி. ஃபெஞ்சல் புயலில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிய ஊர் இது. தண்ணீர் தேங்கிய தெருவில் ஓரமாக நடக்கக்கூடாது, சாக்கடைப் பலகை பெயர்ந்திருந்தால் தெரியாது. நடுத்தெருவில், குடைக்கம்பியால் தட்டிப் பார்த்து நடங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஊர்ப் பெண்களிடம் "பயமா இருக்கா?" என்று கேட்டால் தெருவிளக்கைப் பற்றிப் பேசமாட்டார்கள். 2024 மார்ச்சைப் பற்றிப் பேசுவார்கள். டவுனுக்கு வடக்கே முத்தியால்பேட்டை சோலை நகரில் வீட்டருகே விளையாடிய ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள். சில நாள் கழித்துச் சாக்கடையில் உடல் கிடைத்தது. ஊரே தெருவுக்கு வந்தது. அதுவரை "போய்ட்டு வா" என்று மூன்றாவது வீட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் இன்றும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தைச் சுற்றுலாத் துறையின் அலங்கார விளக்கு போக்காது. தெருவுக்குள் புழங்கும் கஞ்சாவை நிறுத்துவதும், பாழடைந்த வீடுகளைப் பூட்டி வைப்பதும், குழந்தையைக் காணோம் என்று வந்தவரின் புகாரை அந்த நிமிடமே பதிவதும்தான் போக்கும். காத்திருக்கச் சொன்னால் காத்திருக்காதீர்கள், அவசர உதவி எண் 112க்கும் குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அங்கேயே நின்று அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

தெருவுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். புதுச்சேரியில் 2006க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஆகவே எழுத்துதான் வழி. கம்பத்தில் இருக்கும் எண், பக்கத்துக் கடையின் பெயர், இரவில் எடுத்த படம், கிளையா பல்பா என்ற விவரம், ஐந்து வீட்டுக் கையெழுத்து. நகராட்சிக்கு ஒன்று, மின்துறைக்கு ஒன்று. இரண்டிலும் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதினைந்து நாளில் ஒன்றும் நடக்காவிட்டால் அந்த ஒப்புகையை இணைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலவரம் கேளுங்கள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: பீச் ரோடு பத்து மணி வரை ஐந்துக்கு நாலரை. தமிழர் பகுதியின் குடியிருப்புத் தெருக்கள் நான்கு. நேரு வீதி கடை திறந்திருக்கும்வரை மூன்றரை, சாத்திய பிறகு இரண்டரை. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்தெருக்கள் இரவில் இரண்டரை. பூங்கா மதில் ஒன்றரை.

காலையில் பீச்சுக்கு நடக்கப் போகும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். ஏழரைக்குத் தடுப்பை எடுத்ததும், அதுவரை முனையில் காத்திருந்த பைக்குகள் ஒரே மூச்சில் உள்ளே வரும். பதிமூன்றரை மணி நேரம் சாலை நடுவில் நடந்து பழகிய கூட்டம் அப்போதும் நடுவிலேயே இருக்கும். ஏழே காலுக்கே நடைமேடையில் ஏறிவிடுங்கள்.