கபுகி நடிகர் மர அச்சுப் படம்: பழைய மூலமா, புதிய மறுபதிப்பா?

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் நடிகர் படம் வாங்க நினைப்பவர்கள் தயங்கும் இடம் இது: எடோ காலத்தில் (1603–1868) மரப்பலகையில் செதுக்கி அச்சான தாளா, அதே முறையில் இன்று செதுக்கி அச்சிட்டதா?

விலை
மூலம்: ஓவியர் ஷராகுவின் 1794–95 படங்கள் எட்டாத விலை. இன்னொரு ஓவியர் குனிசடா (1786–1865) ஏராளமாக வரைந்ததால் அவருடையவை கைக்கு எட்டும்.
மறுபதிப்பு: ஷராகுவையே நடுத்தர விலையில் வாங்கலாம்.

நிறம்
மூலம்: குசும்பப்பூச் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறும். ட்சுயுகுசா பூவின் நீலம் ஈரம் பட்டாலே கலைந்துவிடும். 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலமோ உறுதியாக நிற்கும்.
மறுபதிப்பு: புது நிறம். ஷராகுவின் முகங்களுக்குப் பின்னே மினுங்கும் அப்பிரக (மைக்கா) பொடியை முழுதாகக் காண இதுவே வழி. பழைய தாள்களில் அது பெரும்பாலும் உரசி உதிர்ந்திருக்கும். அந்த மினுக்கம் இல்லாமல் அப்படங்களின் அழகு பாதிதான்.

சோதனை
இரண்டுக்கும்: தாளைத் திருப்புங்கள். பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தியதால் நிறம் பின்புறம் ஊறியிருக்க வேண்டும். உருப்பெருக்கியில் வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு; வாங்காதீர்கள்.
மூலத்துக்கு மட்டும்: ஓபான் என்ற வழக்கமான தாள் அளவு சுமார் 39 × 26 செ.மீ. குறைந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். பூச்சித்துளை, பின்னால் ஒட்டிய தாள், நடு மடிப்பு ஆகியவை விலையைக் குறைக்கும்.

பராமரிப்பு
மூலம்: 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம், பசை போட்டு ஒட்டவே கூடாது.
மறுபதிப்பு: நேர் வெயில் படாத சுவர் போதும்.

வரவேற்பறையில் தினமும் பார்க்க மறுபதிப்பு. தணிக்கை முத்திரையும் பதிப்பாளர் குறியும் படித்து, பெட்டியில் வைத்துச் சேகரிப்பவருக்குக் குனிசடாவின் மூலத் தாள்.