வேலையில்லாத கணினிப் பட்டதாரிகளுக்கு நாட்ஸ் பயிற்சி எப்படி? கோவையில் ஓராண்டு இருந்துவிட்டு எழுதுகிறேன்

படித்து முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர்கள், இன்னொரு கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் நாட்ஸ் இணையதளத்தில் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். முழுப் பெயர் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நான் இதில் சேர்ந்து கோவையில் ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு வேலை கற்றேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்பதையும் விவரமாகவே சொல்கிறேன். சேரும் முன்பே அது தெரிந்திருந்தால் நல்ல இடமாகப் பார்த்துச் சேரலாம்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் கால் சென்டருக்கு ஆள் எடுக்கத்தான் வந்தன. அப்புறம் மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் 'வேலை உறுதி' என்று சொன்னதை நம்பி அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டினார். அங்கே ரெக்கார்டு செய்த வீடியோவைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சந்தேகம் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு புராஜெக்டும் சான்றிதழும் கொடுத்தார்கள். நேர்காணல்களில் அந்தப் புராஜெக்டைப் பற்றி வாயைத் திறந்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடும். அதே நூலக மேலாண்மை மென்பொருளை அன்றைக்கு அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ.

நாட்ஸ் அப்படியல்ல. இதற்குப் பின்னால் 1961-இல் வந்த தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் 1973-இல் அதற்குள் வந்தார்கள். என்னைப் போல் பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம். படித்தவர்களுக்கு 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் வழி திறந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குறிப்பிட்ட விழுக்காடு பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும். நான் சேர்ந்தபோது பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. அப்போது பட்டதாரி என்றால் 4,500. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. படித்து முடித்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் சேரலாம்.

நாம் யாருக்கும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். டெலிகிராம் குழுக்களில் "நாட்ஸ் சீட் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் சேர்ந்த நிறுவனம் நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் மென்பொருள் செய்து தருகிறது. மூட்டை இருப்பு, சலான், ஜி.எஸ்.டி. பில், தொழிலாளர் வருகைப் பதிவு என்று எல்லாம் அதில் அடக்கம். ஆரம்ப வாரங்கள் நன்றாக இல்லை. லேப்டாப் தரவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு என்று ஒரு திட்டம் அங்கே இல்லை. எந்த டீமுக்கும் எங்களை ஒதுக்கியிருக்கவில்லை. என்னோடு சேர்ந்த ஒரு பையன் இந்தச் சலிப்பிலேயே நின்றுவிட்டான். நல்ல பையன், இன்னும் கொஞ்ச நாளில் டீம் கிடைத்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

டீம் கிடைத்த பிறகு எல்லாமே மாறியது. எங்கள் டீம் லீட் ஒரு அக்கா. நான் எழுதும் எதுவும் அவர் பார்க்காமல் மென்பொருளுக்குள் போகாது. முதன்முதலில் எழுதி அனுப்பியதில் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஃபங்ஷனுக்குக் கீழும் ஒரு கேள்வி வந்தது. ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. "ஏம்மா, லூப்புக்குள்ளேயே டேட்டாபேஸைக் கூப்பிடறியே, மில்லுல ஐயாயிரம் மூட்டை இருந்தா ஐயாயிரம் தடவை போயிட்டு வருமே?" கல்லூரியில் எங்கள் டேட்டாபேஸ் டேபிளில் பத்து வரிசைக்கு மேல் இருந்ததே கிடையாது. பத்துக்கு எப்படி எழுதினாலும் ஓடும். ஐயாயிரம் என்று வரும்போதுதான் எழுதியதன் லட்சணம் தெரியும். அன்று மாலை அக்காவே பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூட்டைக்கும் தனித்தனியாகக் கேட்காமல் மொத்தத்தையும் ஒரே குவெரியில் எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். பக்கம் திறக்க எடுக்கும் நேரம் கண்ணெதிரே குறைந்ததைப் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய பாடம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் கிடைத்தது. குடோனில் இருப்பதைவிட கணினியில் மூட்டை அதிகமாகக் காட்டுகிறது என்று அங்கிருந்து புகார். நான் புரோகிராமை எத்தனை முறை படித்தும் கணக்கில் தவறு தெரியவில்லை. "உக்காந்து யோசிச்சது போதும், போய் அவங்க எப்படிப் போடறாங்கன்னு பாரு" என்று அக்கா என்னை சப்போர்ட் டீம் அண்ணனோடு அனுப்பினார்.

குடோன் பொறுப்பாளருக்கு அறுபது வயதிருக்கும். விசைத்தறிக்காரர்கள் திருப்பி அனுப்பும் நூல் மூட்டைகளைப் பகல் முழுக்க நீளமான ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். லாரியெல்லாம் போன பிறகு சாயங்காலம் மொத்தமாகக் கணினியில் ஏற்றுகிறார். குடோன் ஓரத்தில் இன்டர்நெட் சிக்னல் சரியாக எட்டாது. அவர் 'சேவ்' பட்டனை அமுக்கினார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் அமுக்கினார். ஏன் இரண்டு முறை என்று கேட்டேன். "நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க அம்மணி, ஏறுச்சா இல்லையான்னே தெரியறதில்லீங்க. அதான் இன்னொருக்கா அமுக்கிப்போடறதுங்க" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். விற்பனை சலானுக்கு எண் உண்டு, அதனால் ஒரே சலான் இரண்டு முறை ஏறாது. திரும்பி வரும் மூட்டைக்கு அப்படி எண் எதுவும் வைக்கவில்லை. ஆகவே இரண்டு முறை அமுக்கினால் இரண்டு பதிவு, இருப்பும் இரு மடங்கு. திரும்பி வந்து, அந்தப் படிவம் திறக்கும்போதே தனக்கென ஓர் எண்ணோடு திறக்கும்படி செய்தோம். அதே எண்ணோடு இன்னொரு பதிவு வந்தால் டேட்டாபேஸே தள்ளிவிடும். பட்டனை அமுக்கியதும் அது மங்கி, 'பதிவாகிறது, காத்திருக்கவும்' என்று தமிழில் காட்டும். அந்த வரியைத் தமிழில் வைக்கலாம் என்று சொன்னது நான். அந்தப் பெரியவரைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு அது தோன்றியிருக்காது.

பயிற்சியை வேலை நடக்கும் இடத்திலேயே கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். நாம் எழுதுவதை யார், எந்த வெளிச்சத்தில், எந்த அவசரத்தில் பயன்படுத்துகிறார் என்பதை வகுப்பறையில் சொல்லித்தர முடியாது. இப்போது இருக்கும் வேலைக்கான நேர்காணலிலும் நான் பேசியது இந்த மில் விஷயத்தைத்தான். கேட்டவர் நோட்டை மூடி வைத்துவிட்டு, அடுத்தடுத்து அதைப் பற்றியே கேட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமுக்கினால் என்ன ஆகும், நெட் பாதியில் அறுந்தால் என்ன ஆகும் என்று. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதலில் பணம். என் நிறுவனம் குறைந்தபட்சத் தொகையைத்தான் கொடுத்தது. பீளமேட்டில் சாப்பாட்டோடு ஹாஸ்டல் வாடகைக்கே பாதிக்கு மேல் போய்விட்டது. பஸ், போன், ஊருக்குப் போய்வரும் செலவு போக மிச்சம் ஒன்றும் நிற்காது. கோவைக்காரர்கள் வீட்டிலிருந்து வந்து போகலாம். வெளியூர் ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரிய கஷ்டம், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பழகுநரைச் சட்டம் தொழிலாளியாகக் கருதுவதில்லை. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. கோவை, சென்னை மாதிரி ஊர்களில் பழகுநர்களுக்கு என்று குறைந்த வாடகையில் விடுதி இருந்தால் எத்தனையோ பேர் பாதியில் நிற்காமல் முடிப்பார்கள்.

இரண்டாவது குறைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. என் கல்லூரித் தோழி ஒருத்தி இதே திட்டத்தில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தாள். வருடம் முழுக்க எக்ஸெல் ஷீட்டில் முகவரிகளைத் திருத்தும் வேலைதான் அவளுக்கு. ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. என்னைவிடப் புத்திசாலி அவள். கடைசியில் எங்கள் இருவர் கையிலும் இருப்பது ஒரே சான்றிதழ். சொல்லிக்கொடுக்க யாராவது இருந்தார்களா என்பது அதில் தெரியாது. நான் குறைத்த ஒரு நட்சத்திரம் அவளுக்காக.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது அது 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கானதாக இருந்தது. பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி என்று அறிவித்தார்கள். அறிவித்தபோது மாதம் 5,000 ரூபாயும் ஒருமுறை மட்டும் 6,000 ரூபாயும் என்றார்கள். கணினி வேலையே கற்க வேண்டும் என்றால் நாட்ஸ்தான் பொருத்தம். பிளஸ் டூ முடித்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் நடத்தும் ஜோஹோ பள்ளியைப் பாருங்கள். கட்டணம் இல்லை, படிக்கும்போதே உதவித்தொகை, தென்காசிப் பக்கமே இடம் இருக்கிறது. எச்.சி.எல். நிறுவனத்தின் டெக்பீ பயிற்சியும் பிளஸ் டூ முடித்தவர்களுக்குத்தான். அதில் கட்டண விவரத்தையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாட்ஸில் சேருகிறவர்கள் நேர்காணலிலேயே கூச்சப்படாமல் கேளுங்கள்: என்னை எந்த டீமில் போடுவீர்கள்? நான் எழுதுவதை யார் பார்த்துத் திருத்துவார்? போன வருடப் பயிற்சியாளர்கள் என்ன செய்தார்கள், அவர்களில் ஒருவரிடம் பேசலாமா? இதற்கு நேராகப் பதில் சொல்லாத இடம் என் தோழிக்குக் கிடைத்த இடம் மாதிரிதான் இருக்கும். சேர்ந்ததும் உங்கள் ஒப்பந்தம் இணையதளத்தில் பதிவாகிவிட்டதா என்று நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். பதிவு இல்லையென்றால் அரசின் பங்கும் வராது, சான்றிதழும் வராது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். முடித்த பிறகு கிடைக்கும் சான்றிதழை ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம், பணி அனுபவமாக அதை எடுத்துக்கொள்வார்கள். என்னோடு முடித்தவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.