'போகவே இல்லை' என்பதா, 'உரிமையோடு போனேன்' என்பதா?

குடியாத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பு என்று வைத்துக்கொள்வோம். கிணறு பங்காளிகளுக்குப் பொது. கிணற்றுக்குப் போகும் பாதையைப் பற்றிப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. ஒருவர் முள்வேலி போடுகிறார். மற்றவர் அதைத் தாண்டிப் போய் மோட்டார் போடுகிறார். வாய்த்தகராறு. பொழுது சாய்வதற்குள் புகார்: அத்துமீறி நுழைந்தார், "வெட்டிவிடுவேன்" என்றார்.

2024 ஜூலை 1 முதல் இதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329(3) (அத்துமீறல்), 351(3) (கொலை மிரட்டல்) பிரிவுகள். பழைய சட்டத்தின் 447, 506(2) என்றால்தான் ஊரில் புரியும். அத்துமீறலுக்கு அதிகபட்சம் 3 மாதச் சிறை, கொலை மிரட்டலுக்கு 7 ஆண்டு.

புகாருக்கு ஆளாகிப் பயந்தவர் வாயில் முதலில் வருவது 'நான் அங்கே போகவே இல்லை' என்பதுதான். அன்று காட்பாடியில் இருந்ததாகச் சொன்னால், அதை நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில் விழுகிறது. பஸ் டிக்கெட்டில் பெயர் இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், நாளை சிவில் வழக்கு நடக்கும் முன்சீப் கோர்ட்டில் 'தினமும் இந்தப் பாதையில்தான் போகிறேன்' என்று வழியுரிமை கேட்கும்போது, இந்தப் பொய்யே குறுக்கே நிற்கும்.

'உரிமையோடு போனேன்' என்பது இதைவிட வலுவானது, ஆனால் பட்டாவை மட்டும் நீட்டினால் போதாது. சட்டம் கேட்பது இடம் யார் அனுபவத்தில் இருந்தது, நுழைந்தவரின் நோக்கம் என்ன என்பதையே. மத்ரி வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எதிராளிக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் குற்றமாகாது, எரிச்சலூட்டுவதே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும். மோட்டார் போடப் போனவருக்கு அந்த நோக்கம் ஏது? மின் இணைப்பு அட்டை, அடங்கல் (கிராமக் கணக்கில் உள்ள சாகுபடிப் பதிவு), புல வரைபடம் எல்லாம் இங்கே பேசும். நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வேலியைப் பிடுங்கியிருந்தால் மட்டும் கதை மாறும்.

மிரட்டலுக்கு வேறு பதில் வேண்டும். மாணிக் தனேஜா வழக்கு (2015) பெங்களூரு போக்குவரத்து போலீஸாரைப் பற்றிய முகநூல் பதிவிலிருந்து வந்தது. அச்சுறுத்தும் எண்ணமில்லாத வெறும் வார்த்தை போதாது என்றது தீர்ப்பு. கோபத்தில் கொட்டிய சொல் என்று வாதாடலாம். கையில் கொடுவாள் இருந்ததாக சாட்சி சொன்னால் கடினம். (மாந்தோப்பில் கொடுவாள் இல்லாத கை ஏது என்பது வேறு விஷயம்.)

வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடுவது பலருக்கும் ஆசை. புகாரைப் படித்தாலே குற்றம் தெரியவில்லை என்றால் ஓடலாம். நடந்ததா இல்லையா என்பதே சண்டை என்றால் 'விசாரணையில் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். 351(3) இருப்பதால் இது வாரண்ட் வழக்கு, அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கான வழக்கு. ஆவண நகல் கிடைத்த 60 நாளுக்குள் உள்ளூர் மாஜிஸ்திரேட்டிடமே விடுவிப்பு மனு (குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போடலாம். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சிவில் வழக்குக்கு வேறு வக்கீல் என்றால், ஒருவர் சொல்வது மற்றவர் வாதத்தை வெட்டாமலிருக்க, எதையும் தாக்கல் செய்யும் முன் இரு வக்கீல்களையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள்.