யூஎஸ்பி சீரியல் அடாப்டர்: பழைய வி.எம்.சி.யோடு ஏழு வருட அனுபவம்

எங்கள் பட்டறையில் ஃபானுக் கண்ட்ரோல் உள்ள பழைய வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) ஒன்று இருக்கிறது. மோல்டு (வார்ப்பு அச்சு) வேலைக்கு இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. அதன் மெமரி 80 மீட்டர். துளை நாடா காலத்துக் கணக்கு அது, சுமார் 32 கிலோபைட். ஒரு மோல்டின் ஃபினிஷிங் புரோகிராமே பல மெகாபைட் வரும் என்பதால், கம்ப்யூட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக டிரிப் ஃபீட் செய்துதான் ஓட்ட வேண்டும். காம் போர்ட் (மெஷினின் சீரியல் கேபிளைச் செருகும் துளை) இருந்த பழைய டெஸ்க்டாப் செத்துப்போனதும் லேப்டாப்புக்கு மாறினோம். அதில் காம் போர்ட் இல்லாததால், யூஎஸ்பி துளையில் சீரியல் கேபிளை இணைக்க ஒரு அடாப்டர் தேவைப்பட்டது. தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் வாங்கியது, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த, பெயர் போடாத அடாப்டர். சின்ன புரோகிராம்கள் ஒழுங்காகப் போயின. பெரியதை ஓடவிட்டால் சிறிது நேரத்திலேயே 087 அலாரம், பஃபர் ஓவர்ஃப்ளோ. அதாவது, வரும் எழுத்துகளை மெஷின் தற்காலிகமாக வைக்கும் இடம் நிரம்பி வழிகிறது. ஃபினிஷிங் நடுவில் மெஷின் நின்றால், நின்ற இடத்தில் கட்டர் தழும்பு விழுந்துவிடும். அப்படி இரண்டு கோர்களை (மோல்டின் உள் அச்சுப் பாகங்களை) கையால் பாலிஷ் போட்டுச் சரிசெய்தோம். கேபிளை மாற்றினேன், பாட் ரேட்டை (அனுப்பும் வேகத்தை) 9600-லிருந்து 4800-க்கு இறக்கினேன். பலனில்லை.

மெனுவலைப் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பஃபர் நிறையும்போது மெஷின் "நிறுத்து" என்று எக்ஸ்ஆஃப் குறியை அனுப்புகிறது. அதற்குப் பிறகும் 10 எழுத்துகள் வரை ஏற்கும். அதையும் தாண்டி வந்துகொண்டே இருந்தால் 087. அந்தக் குறி யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போய், டிரைவர் மென்பொருள் பார்த்து நிறுத்துவதற்குள், அடாப்டருக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட எழுத்துகள் மெஷினுக்குப் போய்விடுகின்றன. ஆகவே நிறுத்துகிற வேலையை அடாப்டரில் உள்ள சிப்பே செய்ய வேண்டும்.

எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர் சிப் அதைச் செய்கிறது. அந்தச் சிப் உள்ள அடாப்டரை மாட்டிய பிறகு, இந்த ஏழு வருடத்தில் 087 ஒருமுறைகூட வரவில்லை. இரவு முழுக்க ஓடும் ஜாப்பை நம்பி விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.

ஆனால் இந்தச் சிப்புக்குப் போலிகள் அதிகம். 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றை முடக்கியது. தெரியாமல் வாங்கியவர்களுக்கு அது பெரிய அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதனால் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் மட்டுமே வாங்குங்கள். சிஎச்340 சிப் உள்ளவை மோசமில்லை. ஆர்டுயினோ (சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு) மாதிரி வேலைகளுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதில் தனி சீரியல் எண் இருப்பதில்லை. வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் எண் மாறிவிடும், ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டர் திணறிப்போவார்.

அடாப்டர் வந்ததும் முதல் வேலையாக அதன் சீரியல் பக்கத்து 2-வது பின்னையும் 3-வது பின்னையும் ஒரு கம்பியால் இணைத்து, டெர்மினல் மென்பொருளில் ஏதாவது தட்டிப் பாருங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் அனுப்புவதும் பெறுவதும் சரி. அப்புறம் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ஹப்புக்கான மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, மெஷின் ஆனில் இருக்கும்போது கேபிளைச் செருகாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் செருகியபோது சின்னப் பொறி பறந்தது. லேப்டாப்பின் கிரவுண்டுக்கும் மெஷினின் கிரவுண்டுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் இருந்திருக்கிறது. நல்லவேளை, மெஷினின் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரமே ஆப்டோ ஐசொலேஷன் (இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் ஒளி வழியாக இணைப்பது) உள்ள, அதே சிப் போட்ட அடாப்டர் வாங்கினேன். விலை கூடுதல்தான், ஆனால் அந்த போர்டு போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கேபிள் நீளம் வேண்டுமென்றால் சீரியல் பக்கம் கூட்டுங்கள். ஆர்எஸ்-232 எனப்படும் சீரியல் கேபிள் 15 மீட்டர் வரை தாங்கும், யூஎஸ்பி 5 மீட்டருக்கு மேல் கூடாது. எங்களிடம் இருப்பது 8 மீட்டர் ஷீல்டு கேபிள், ஸ்பிண்டில் மோட்டார் வயரிலிருந்து தள்ளி, தனிக் குழாயில் போகிறது.