காந்தி ரோட்டுப் பின்சந்து லாட்ஜில் 34 நாள்

ஆரணியில் பட்டுத்தறி ஓட்டும் குடும்பம் நாங்கள். என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு ஆபரேஷனுக்காக வேலூர் வந்தபோது இந்த லாட்ஜில்தான் தங்கினோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். ஐடா ஸ்கடர் ரோட்டைத் தாண்டுவதுதான் சிரமம்.

ரூம் சின்னது. இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கலாம். நாள் வாடகை 450 ரூபாய், கேஸ் அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனியாக 60. வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த அடுப்பு பெரிய உதவி. உப்புக் குறைத்து ரசம் வை என்று ஹோட்டலில் போய்ச் சொல்ல முடியுமா? குழாயில் தண்ணீர் காலை 6 முதல் 8 வரை வரும், அப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்து ரூம் வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். லிஃப்ட் கிடையாது.

பத்து நாளுக்குக் கணக்குப் போட்டுத்தான் பணம் கொண்டுவந்தோம். அட்மிட் ஆக வேண்டியதற்கு முதல் நாள் அவருக்குக் காய்ச்சல். அது அடங்கட்டும் என்று டாக்டர்கள் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் இன்னொரு முறையும் தள்ளிப்போனது. ஊரில் பெரியவன் தனியாகத் தறியில் உட்கார்ந்திருந்தான், புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. 14-ஆம் நாள் என் கையில் 1,100 ரூபாய், மூன்று நாள் வாடகை பாக்கி. அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அவருக்கு பிரட்டும் பாலும் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, கோட்டைக்கு நடந்தேன்.

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாத்தா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். படையெடுப்புக் காலத்தில் லிங்கத்தை வெளியே கொண்டுபோய்விட்டார்கள், சாமி சத்துவாச்சாரியில் இருந்தார், கோயில் மூலவர் இல்லாமல் பல தலைமுறை கிடந்தது, 1981-இல்தான் ஊர் சனங்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. சத்துவாச்சாரி என்ன தூரம்? டவுன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். சொந்த வீடு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவரே வெளியில் தங்கிக் காத்திருந்திருக்கிறார். வாடகை ரூமில் காத்துக் கிடப்பது என்னவென்று இவருக்குத் தெரியாமலா இருக்கும்? பணம் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. கூடவே இரு சாமி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்தால் எங்கள் ரூம் வாசலில் மூடி போட்ட கிண்ணம். சோறும் பருப்பும். எதிர் ரூமில் மகனுக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த வங்காளத்து அம்மா வைத்தது. நான் தீதி என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான் எனக்கு அவர் பாஷை. எங்கள் அடுப்பு எரியாததைக் கவனித்திருக்கிறார். மறுநாள் காலையில் மேனேஜரிடம் பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தேன். "ஆபரேஷன் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். காலி செய்யும் நாள் வரை வாடகை என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

நல்ல மனுஷர்கள், அவ்வளவுதான் என்பார் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷர்கள்தான். அவர்களை அந்த இரண்டு நாளில் என் வாசலுக்கு அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தீதியின் மகன் குணமாகவில்லை, எங்களுக்கு முன்பே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது ஏன் என்று தினமும் விளக்கேற்றும்போது சாமியிடம் கேட்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

ஆபரேஷன் 22-ஆம் நாள் நல்லபடியாக நடந்தது. பாக்கியை மூன்று தவணையாக அனுப்பினோம். செக்கப்புக்கு வரும்போது இங்கேதான் தங்குகிறோம். இரண்டாம் மாடியில் பின்பக்க ரூமைக் கேட்டு வாங்குங்கள், காற்று நன்றாக வரும்.