செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நான் இழந்தது 14,500 ரூபாய்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு என்னிடமிருந்து 14,500 ரூபாயை வாங்கிக்கொண்டு போனார்கள். டேங்க் சுத்தமாகவில்லை. கிணற்று நீரையும் இப்போது வாயில் வைக்க முடியவில்லை. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மைத்துனர் பயமுறுத்தியிருப்பதால், வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பி வைக்கும் இணையதளம் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி. கேரளம் என்றதும் மழை நினைவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை சித்திரை மாதத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எத்தனை நீர் வரவேண்டும், எத்தனை வந்தது என்று டீக்கடையில் கணக்குப் போட்டுச் சண்டையிடுகிற ஊர் இது. காலடியில் இருக்கிற கிணற்று நீருக்குள் என்ன கலக்கிறது என்று யாரும் சண்டையிட்டதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டிய பதினோரு ஆண்டுகளில் டேங்கின் சிலாப்பை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. இன்னும் நிறையவில்லையே என்று நினைத்திருந்தோம். ஆனால் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தே இருக்கும். கனமான மலம் அடியில் சேறாகப் படிகிறது, எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது, நடுவிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்குகிறது. சேறு உயர உயர நடுவில் நீர் தங்கித் தெளிவதற்கு இடமில்லாமல் போய், எல்லாம் கலந்தே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கும். அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும். இவ்வளவையும் நான் படித்துத் தெரிந்துகொண்டது பணம் போன பிறகு.

வந்தவரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. வண்டியை நிறுத்தியவுடன் அவர் கேட்ட முதல் கேள்வியே, "கிணறு எங்கிருக்குதுங்ணா?" என்பதுதான். காட்டினேன். அவரே டேப் பிடித்து அளந்து, "குழிக்கும் கிணத்துக்கும் ஏழரை மீட்டர் இருக்கோணும்ங்ணா, கேரளாவுல அதான் ரூல், உங்களுக்குக் கரெக்டா இருக்குது," என்றார். எனக்குத் தெரியாத சட்டத்தை எனக்கே எடுத்துச் சொல்கிற ஒருவர் ஏமாற்றுவார் என்று எப்படி நினைப்பேன்? கையுறை போட்டிருந்தார். அனுமதிச் சீட்டு என்று அலைபேசியில் எதையோ காட்டினார். வெயிலில் திரை தெரியவில்லை, நானும் தலையாட்டிவிட்டேன். அம்மா அவருக்கு மோர் கொடுத்தார்.

லோடுக்கு 4,500 ரூபாய் என்பது பேச்சு. மூன்று லோடு என்று சொல்லி 13,500 ரூபாய் போட்டார்கள். அதன்மேல் 'பாக்டீரியா மருந்து' என்று பெயர் ஒட்டாத பையிலிருந்து ஒரு வெள்ளைப் பொடியைத் தூவி இன்னும் 1,000 ரூபாய். ஆக 14,500 ரூபாய், அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன். அந்தப் பொடியில் நீச்சல் குளத்து வாடை அடித்தது என்று என் மகள் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. அது ப்ளீச்சிங் பவுடராகத்தான் இருக்க வேண்டும். டேங்குக்குள் மலத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

எட்டாம் நாள் கழிவறையில் நீர் இறங்காமல் மேலே வந்தது. சிலாப்பை நகர்த்தி நீளமான கம்பை விட்டுப் பார்த்தேன். ஒன்றரை அடிக்குக் கீழே கம்பு இறங்கவில்லை. மேலே நின்ற நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, பதினோரு ஆண்டுச் சேற்றை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் டேங்க் எட்டடி நீளம், நான்கடி அகலம், நீர் நிற்கும் ஆழம் ஐந்தடி. 160 கன அடி என்றால் ஏறத்தாழ 4,500 லிட்டர். அவர்கள் வண்டியின் முதுகில் 6,000 லிட்டர் என்று எழுதியிருந்தது. ஒரே லோடில் முடிந்து மிச்சமும் இருக்க வேண்டிய வேலைக்கு மூன்று லோடு! அதைவிட என்னைச் சுட்டது, ஒவ்வொரு முறையும் வண்டி இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. இருபது நிமிடத்தில் போய்க் கொட்டிவிட்டு வரக்கூடிய சுத்திகரிப்பு நிலையம் இந்தப் பக்கத்தில் ஏது? ஆடு மேய்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் மறுநாள் சொன்னார், எங்கள் வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் வாய்க்காலில்தான் குழாயைத் திறந்துவிட்டார்களாம். அந்த வாய்க்கால் எங்கள் கிணற்றிலிருந்து நாற்பதடி. 14,500 ரூபாய் கொடுத்து என் வீட்டுக் கழிவை என் கிணற்றுக்கே அனுப்பி வைத்திருக்கிறேன்.

வந்தவரை அழைத்தேன். "வண்டி பொள்ளாச்சில நிக்குதுங்ணா, நாளைக்கு வர்றேன்." மறுநாள், "ஓனர்கிட்டச் சொல்லிட்டேனுங்ணா." மூன்றாம் நாள் அவர் சொன்னதுதான் உச்சம்: சேறு இறுகிவிட்டதாம், 3,000 ரூபாய் கொடுத்தால் ஒரு பையனை உள்ளே இறக்கி அள்ளித் தருவாராம். டேங்குக்குள் தேங்கும் விஷவாயுவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் செத்துப்போன செய்திகளைப் படிக்காதவர் யார்? கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், இப்படி ஆளை இறக்குவதைக் குற்றமென்கிறது. திட்டிவிட்டு வைத்தேன். அதன்பிறகு அந்த எண் எடுக்கப்படுவதே இல்லை.

இணையதளத்தின் உதவி எண்ணில் மூன்று மொழிகளில் வரவேற்கிறார்கள். முதல் நாள், "நாங்கள் ஆளை இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, வேலைக்கு நாங்கள் பொறுப்பல்ல." இரண்டாம் நாள், வண்டி தமிழ்நாட்டில் பதிவானது என்பதால் கோவைக் கிளையிடம் சொல்லச் சொன்னார்கள். கோவைக் கிளையில், வேலை நடந்தது கேரளத்தில் என்பதால் பாலக்காட்டில் சொல்லச் சொன்னார்கள். வாளையாறு சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி என் புகார் நடுவில் நிற்கிறது. நேற்று ஒரு குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' 14,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்தேன். குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக்கூடாத ஈ.கோலி, அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா, எங்கள் நீரில் இருக்கிறது. இது வாய்க்காலில் கொட்டியதால் வந்ததா, பல ஆண்டுகளாக எங்கள் உறிஞ்சுகுழியிலிருந்தே ஊறியதா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு இப்போது மனமும் இல்லை, நேரமும் இல்லை. வண்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதை முதலில் கேளுங்கள், முடிந்தால் பின்னாலேயே பைக்கில் போங்கள். டேங்கின் அளவை நீங்களே கணக்கிட்டு வையுங்கள். கம்பை விட்டு அடிச்சேறு போனதைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். எந்தப் பொடியும் வேண்டாம். ஆளை உள்ளே இறக்கவே இறக்காதீர்கள். தண்ணீர் கேன் வண்டி வாசலில் ஹாரன் அடிக்கிறது, கேன் ஒன்று நாற்பது ரூபாய், நான் போகிறேன்.